மாறி எங்கே குடியிருக்கிறது? மைக்ரோகண்ட்ரோலர் நினைவகத்தில் இடம் ஒதுக்குவது பற்றி ஓர் எளிய விளக்கம்

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு குளத்தின் துருசுக்கு (நீர் திறந்துவிடும் மதகுக்கு) அருகே நீர்மட்டத்தையும் மழையையும் அளக்கும் சிறிய கருவியொன்றை வைக்க மாணவர்கள் சிலர் முனைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்க வேண்டும். ஒரு நாள் முழுவதற்குமான அளவுகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். நீர் கூடினால் இணைத்திருக்கும் மோடம் வழியாக, வயல்களின் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானைக்கும் விவசாயிகளுக்கும் தமிழில் எச்சரிக்கை போக வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையில், அதாவது மைக்ரோகண்ட்ரோலர் என்ற ஒற்றைச் சிப்புக் கணினி பொருத்திய பலகையில், வேலையைத் தொடங்குகிறார்கள். முதலில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. செய்திகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகும்போது ஒரு கட்டத்தில் பலகை தானாகவே மறுபடி தொடங்குகிறது. திரையில் பொருளற்ற எழுத்துகள் வருகின்றன. கம்பிகளைச் சோதித்தால் பிழை இல்லை. நிரலை வரி வரியாகப் படித்தாலும் பிழை இல்லை.

பிழை இருப்பது மாறிகள், அதாவது நிரல் மதிப்புகளைப் போட்டு வைக்கும் பெயரிட்ட இடங்கள், உட்கார்ந்திருக்கும் இடத்தில். மேசைக் கணினிக்கு நிரல் எழுதிப் பழகியவருக்கு இந்தக் கேள்வியே எழாது. அங்கே இயங்குதளம் நினைவகத்தை வாங்கிக் கொடுத்து, நிரலுக்கும் உண்மையான நினைவகத்துக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. இந்தச் சிறிய சிப்புகளில் அப்படி யாரும் இல்லை. ஒரு மாறியின் முகவரி 300 என்றால், அது சிலிக்கனில் உண்மையாகவே 300ஆம் இடம். அந்த இடத்துக்கென்று ஒரு குணம் உண்டு: மின்சாரம் போனால் அழியுமா, எழுத முடியுமா, வேகமானதா, சிப்பின் மற்றப் பாகங்களுக்கு எட்டுமா என்பதெல்லாம் அந்த முகவரியோடு சேர்ந்தே வருகின்றன. ஆகவே மாறியை எங்கே வைப்பது என்பதும் நிரல் எழுதுபவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு. நாம் எடுக்காவிட்டால், நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பியும், அவற்றை ஒன்றுசேர்த்து முகவரி கொடுக்கும் லிங்கரும் எடுத்துவிடும். பெரும்பாலும் அவை சரியாகத்தான் எடுக்கும். எப்போது அவற்றின் முடிவு நமக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொள்வதற்கே இந்தக் கட்டுரை.

சொல்லாமல் விட்டால் எங்கே போகும்?

ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் மூன்று வகை நினைவகம் உண்டு. நிரல் தங்கும் ஃபிளாஷ் 32 கிலோபைற்று. ஓடும்போது பயன்படும் ரேம் 2 கிலோபைற்று. நிலையாகச் சேமிக்கும் ஈஈபிராம் 1 கிலோபைற்று. இந்த இரண்டு கிலோபைற்று ரேமில்தான், அதாவது 2048 பைற்றில்தான், மாறிகளின் வாழ்க்கை முழுவதும் நடக்கிறது.

சீ மொழியில் எழுதப்படும் ஒவ்வொன்றையும் தொகுப்பி சில பிரிவுகளாகப் பிரித்துப் பெயரிடுகிறது. சார்புகளின் (பெயரிட்ட நிரல் துண்டுகளின்) கட்டளைகள் 'டெக்ஸ்ட்' என்ற பிரிவுக்குப் போகின்றன. மாறாதது என்று 'கான்ஸ்ட்' போட்டு அறிவித்த பொதுமாறிகள் 'ரோடேட்டா' பிரிவுக்குப் போகின்றன. தொடக்க மதிப்புக் கொடுத்த பொதுமாறிகள் 'டேட்டா' பிரிவுக்கும், மதிப்புக் கொடுக்காதவையும் பூச்சியம் கொடுத்தவையும் 'பி.எஸ்.எஸ்.' பிரிவுக்கும் போகின்றன. சார்புக்குள்ளே அறிவிக்கும் சாதாரண மாறிகளுக்கு இப்படி நிலையான இடம் கிடையாது. அவை செயலிக்குள்ளேயே இருக்கும் பதிவகங்களிலோ, தற்காலிக மதிப்புகளுக்கான ரேம் பகுதியான அடுக்கிலோ அந்தச் சார்பு முடியும் வரை மட்டும் இருந்துவிட்டுப் போகும். அதே சார்புக்குள் 'ஸ்டாட்டிக்' என்று அறிவித்தால் மாறி அடுக்கை விட்டு டேட்டாவுக்கோ பி.எஸ்.எஸ்.ஸுக்கோ குடிபெயர்ந்துவிடும். பெரிய அணியொன்றை (வரிசையாக வைத்த பல மதிப்புகளை) சார்புக்குள் அறிவித்து அடுக்கைத் திணறவைப்பவர்களுக்கு இந்த ஒரு சொல்லே பல நேரம் போதும்.

பிரிவு என்பது பெயர் மட்டும்தான். எந்தப் பிரிவு எந்த நினைவகத்தில், எந்த முகவரியில் தொடங்குகிறது என்பதை முடிவுசெய்வது லிங்கர். இந்த இரண்டு படிகளையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எதுவும் குழப்பாது: மாறிக்குப் பிரிவு, பிரிவுக்கு முகவரி.

ஊனோவில் ரேமின் முகவரி 256இல் தொடங்கி 2303இல் முடிகிறது. கீழே டேட்டா, அதற்கு மேல் பி.எஸ்.எஸ்., அதற்கும் மேல் ஓடும்போது கேட்டு வாங்கும் இடம் மேல்நோக்கி வளர்கிறது. அடுக்கோ உச்சியில், 2303இல் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. இறங்கி வரும் அடுக்கு மற்றொரு மாறியின் மேல் ஏறி உட்கார்ந்தால் சிப் முறையிடாது. மாறியின் மதிப்பு மாறிவிடும், அல்லது சார்பு திரும்பிப் போக வேண்டிய முகவரி அழிந்து நிரல் எங்கோ பாய்ந்துவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்குப் பலகை தானாக மறுதொடக்கம் செய்வதுபோல் தெரிவது இதனால்தான்.

தமிழ்ச் செய்தியின் எடை

இப்போது அந்த எச்சரிக்கைச் செய்திகளை எடுத்துப் பார்ப்போம். 'நீர்மட்டம் உயர்கிறது' என்பதில் கண்ணுக்குத் தெரிவது 12 எழுத்துகள். யுனிகோடில் 'நீ' என்பது 'ந' என்ற குறியும் நெடில் ஈகாரத்தின் துணைக்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'ர்' என்பதும் அப்படியே, 'ர' ஒன்று, புள்ளி ஒன்று. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 19 தமிழ்க் குறியீடுகளும் ஓர் இடைவெளியும் வரும். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைற்று. எனவே 57, இடைவெளிக்கு 1, சரத்தின் (எழுத்துத் தொடரின்) முடிவைக் காட்டும் பூச்சியத்துக்கு 1. ஆக 59 பைற்று. இதே செய்தியை ஆங்கிலத்தில் மூன்று சொற்களில் 19 பைற்றுக்குள் சொல்லிவிடலாம்.

ஏறத்தாழ இதே நீளத்தில் 20 செய்திகள் என்றால் 1180 பைற்று. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு நாளுக்கு 144 அளவுகள். நீர்மட்டத்துக்கு 2 பைற்று, மழைக்கு 2 பைற்று என்று வைத்தால் 576 பைற்று. தொடர் இணைப்புக்காக ஆர்டுயினோ நூலகமே பெறுவதற்கும் அனுப்புவதற்கும் தலா 64 பைற்று எடுத்துக்கொள்கிறது. கூட்டிக் கழித்தால் 2048இல் எஞ்சுவது 164. நூலகத்தின் மற்ற மாறிகளும் அடுக்கும் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது.

இந்த இடத்தில் பலர் சொல்லும் அறிவுரை, 'செய்திகளை ஆங்கிலத்தில் போடுங்கள்' என்பது. இதை நான் ஏற்பதில்லை. வான்கதவு திறக்கப்படப் போகிறது என்பதை நள்ளிரவில் வாசிக்கப்போகிறவர் வயல்காரர். அவருக்குப் புரியும் மொழியில் போவதற்காகத்தானே கருவியே செய்யப்படுகிறது. சிப்பிலும் இடம் இல்லாமல் இல்லை. பக்கத்திலேயே 32 கிலோபைற்று ஃபிளாஷ் இருக்கிறது. 1180 பைற்று அதில் நூற்றுக்கு நான்கு பங்குகூட வராது. செய்திகளின் இடத்தை மாற்றினாலே போதும்.

ஆனால் 'கான்ஸ்ட்' என்று போட்டுவிட்டால் மாறி ஃபிளாஷில் இருந்துவிடும் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ஆர்ம் கோர்டெக்ஸ்-எம் வகைச் சிப்புகளில் ஃபிளாஷும் ரேமும் ஒரே முகவரி வரிசையில் இருக்கின்றன. அங்கே கான்ஸ்ட் மாறி ஃபிளாஷிலேயே தங்கும், படிப்பதற்கும் சாதாரணக் கட்டளையே போதும். ஏடிமெகா328பி அப்படிப்பட்டது அல்ல. நிரலுக்கு ஒரு முகவரி வரிசை, தரவுக்கு இன்னொரு முகவரி வரிசை. ஃபிளாஷிலும் 500 என்ற முகவரி உண்டு, ரேமிலும் 500 என்ற முகவரி உண்டு, இரண்டும் வேறு வேறு இடங்கள். சாதாரணமாக மாறியைப் படிக்கும் கட்டளை ரேமின் 500ஐ மட்டுமே பார்க்கும். ஃபிளாஷைப் படிக்கத் தனிக் கட்டளை தேவை. அதனால் தொகுப்பி, கான்ஸ்ட் சரங்களையும் தொடக்கத்திலேயே ரேமுக்கு நகலெடுத்துவிடுகிறது.

இதைத் தவிர்க்க 'புரோக்மெம்' என்ற குறிச்சொல்லைக் கான்ஸ்டோடு சேர்த்து எழுத வேண்டும். அப்போது சரம் ஃபிளாஷில் மட்டும் இருக்கும். படிக்கும்போது அதற்கென இருக்கும் சார்புகளால் ஒவ்வொரு பைற்றாகவோ, ஒரு சிறிய இடைத்தாங்கிக்கு (தற்காலிகமாக வைக்கும் ரேம் இடத்துக்கு) நகலெடுத்தோ படிக்க வேண்டும். அச்சிட மட்டும் என்றால் இன்னும் எளிது: சரத்தைச் சுற்றி 'எஃப்' என்ற மேக்ரோவை (தொகுப்பி விரித்தெழுதும் சுருக்கப்பெயரை) போட்டால் அச்சிடும் சார்பே ஃபிளாஷிலிருந்து எடுத்துக்கொள்ளும். புரோக்மெம் போட்டுவிட்டுச் சாதாரண சரமாகப் படித்தால், ஃபிளாஷின் முகவரியை ரேமின் முகவரியாக எண்ணிக் குப்பையைத்தான் படிப்பீர்கள். தொகுப்பி பெரும்பாலும் எச்சரிக்காது. முதலில் புரோக்மெம் பழகும் அனைவரும் சந்திக்கும் தடுமாற்றம் இது.

மெயினுக்கு முன்னால் நடப்பது

ரேம் மின்சாரத்தோடு அழிந்துபோவது. அப்படியானால் தொடக்க மதிப்பு 25 என்று அறிவித்த பொதுமாறிக்கு அந்த 25 எங்கிருந்து வருகிறது? ஃபிளாஷில் ஒரு நகல் இருக்கிறது. சிப் விழித்தவுடன், நம் 'மெயின்' சார்புக்கு முன்பே, தொடக்க நிரல் என்ற சிறு பகுதி ஓடுகிறது. அது டேட்டா பிரிவின் நகலை ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு எடுத்து வைக்கிறது. பிறகு பி.எஸ்.எஸ். பிரிவு முழுவதையும் பூச்சியமாக்குகிறது. இதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள்: டேட்டா பிரிவின் மாறிகள் ஃபிளாஷிலும் இடம் பிடிக்கின்றன, ரேமிலும் இடம் பிடிக்கின்றன.

வகுப்பறைக் கரும்பலகையை எண்ணிப் பாருங்கள். காலையில் பலகையைத் துடைத்துவிட்டு, புத்தகத்தில் உள்ளதை எடுத்து எழுதிப் பாடத்தைத் தொடங்குகிறார்கள். ஒரு மூலையில் மட்டும் கட்டம் போட்டு 'அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கும். அந்த மூலை நேற்றைய செய்தியோடு அப்படியே நிற்கும். ரேமிலும் அப்படி ஒரு மூலையை ஒதுக்கலாம். அதற்குப் பெயர் 'நோஇனிட்' பிரிவு. தொடக்க நிரல் அதைத் துடைப்பதும் இல்லை, நிரப்புவதும் இல்லை.

நமது கருவிக்கு இது ஏன் தேவை? வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், மழை கொட்டும் அந்த நேரத்திலேயே மின்னலும் மின்னழுத்தத் தளம்பலும் வருகின்றன. நிரல் உறைந்துபோனால் மீட்கும் காவல் நேரங்காட்டியும் சில சமயம் சிப்பை மறுதொடக்கம் செய்யும். மழைமானியின் சிறு வாளி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீற்றர் என்று எண்ணிக்கொண்டு வருகிறோம். எண்ணிக்கை சாதாரணப் பொதுமாறியில் இருந்தால், ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் பூச்சியமாகிவிடும். மழை கூடிய நாளில்தான் கணக்கு குறையும். நோஇனிட் பிரிவில் வைத்தால், ரேமுக்கு மின்சாரம் முழுவதும் அறுந்துபோகாத மறுதொடக்கங்களில் எண்ணிக்கை நிலைக்கும்.

எழுதும் முறை இது: மாறியை அறிவிக்கும்போது, அதனோடு 'ஆட்ரிபியூட்' என்ற குறிச்சொல்லை இட்டு, அதற்குள் 'செக்‌ஷன்' என்றும் அடைப்புக்குள் பிரிவின் பெயரையும் கொடுக்கிறோம். பிரிவுப் பெயர் புள்ளியோடு தொடங்குவது வழக்கம். ஏடிமெகா328பி சேர்ந்த ஏவிஆர் வகைச் சிப்புகளுக்கான ஜிசிசி தொகுப்பியில் நோஇனிட் பிரிவு ஏற்கெனவே லிங்கருக்குத் தெரிந்த ஒன்று. வேறெதுவும் செய்யத் தேவையில்லை. தொடக்க மதிப்பு மட்டும் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் அதை எடுத்து வைக்க ஆளில்லை.

இந்த மூலையை நம்புவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது அங்கே என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மின்னழுத்தம் ஆழமாகச் சரிந்து மீண்டால் சில பிற்றுகள் மட்டும் புரண்டிருக்கலாம். ஆகவே எண்ணிக்கையோடு ஓர் அடையாள எண்ணையும், எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து அதே பிரிவில் வைக்க வேண்டும். மெயின் தொடங்கியதும் முதல் வேலை அவற்றைச் சரிபார்ப்பது. பொருந்தினால் எண்ணிக்கையைத் தொடரலாம். பொருந்தாவிட்டால் பூச்சியத்திலிருந்து தொடங்கி, அப்படித் தொடங்கியதையும் பதிவுசெய்ய வேண்டும். விட்டுப்போன மழையை மழையே இல்லை என்று வாசிக்கும் கருவி, கருவி இல்லாததைவிடக் கெடுதல்.

மின்வெட்டையும் தாண்டி நிற்க வேண்டியவை

மின்சாரம் முற்றாக நின்றாலும் தேவைப்படும் தரவு, உதாரணமாக நேற்றைய மொத்த மழை, ஈஈபிராமுக்குப் போக வேண்டும். அங்கே வேறொரு எல்லை இருக்கிறது. ஏடிமெகா328பியின் ஈஈபிராம் ஓர் இடத்தில் 1,00,000 முறை எழுதுவதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் உறுதி தருகிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினால் நாளுக்கு 144 தடவை. 694 நாளில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஆர்வத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் 69 நாள். நவம்பர் தொடக்கத்தில் வைத்த கருவி தைப்பொங்கலுக்கு முன்பே உறுதியளித்த ஆயுளைக் கடந்துவிடும். ஒரு பைற்று எழுத ஏறத்தாழ 3.4 மில்லிசெக்கன் ஆகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அடிக்கடி மாறும் மாறிக்கு ஈஈபிராம் வீடல்ல. அடிக்கடி மாறுவது நோஇனிட்டில், நாளின் முடிவில் ஒரு மொத்தம் ஈஈபிராமில் என்று பிரித்தால் இரண்டும் தத்தம் வேலையை நீண்டகாலம் செய்யும்.

சூரியத் தகட்டில் ஓடும் கருவிக்குப் பலர் ஈஎஸ்பி32 சிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுவும் நல்ல தெரிவுதான். அளவெடுத்து முடிந்ததும் ஆழ்துயிலுக்குப் போய் மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் ஆழ்துயிலில் பிரதான ரேமின் மின்சாரம் நிறுத்தப்படும், விழிக்கும்போது நிரல் தொடக்கத்திலிருந்து ஓடும். அதைத் தாண்டி நிற்க 'ஆர்டிசி மெதுநினைவகம்' என்று 8 கிலோபைற்று தனியாக இருக்கிறது. மாறியின் அறிவிப்போடு 'ஆர்டிசி டேட்டா ஆட்டர்' என்ற மேக்ரோவைச் சேர்த்தால் மாறி அங்கே குடியேறும். தொடக்க மதிப்பு முதல்முறை மட்டும் இடப்படும், துயிலிலிருந்து எழும்போது பழைய மதிப்பே இருக்கும். நமது 576 பைற்று அதில் தாராளமாக அடங்கும்.

எட்டாத ரேம்

இனி கொஞ்சம் பெரிய சிப். நெல் ஆலையொன்றின் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை வேகமாக அளந்து, அதன் அலைவரிசைகளைப் பிரித்துப் பார்த்து, மோட்டாரின் சுழல்தண்டைத் தாங்கும் தாங்கி (பேரிங்) தேய்வதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று ஒரு மாணவர் முயல்வதாகக் கொள்வோம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் நெல் ஆலைகளும் இருக்கும் மாவட்டத்தில் இது இயல்பாகவே எழக்கூடிய எண்ணம். இதற்கு எஸ்டிஎம்32எஃப்407 போன்ற சிப் பொருத்தம். அதில் 192 கிலோபைற்று ரேம் என்று விவரத்தாள் சொல்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரே துண்டாக இல்லை. பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண்ணில் (கீழே வரும் இத்தகைய முகவரிகள் எல்லாம் அப்படியே) 20000000 என்ற முகவரியில் தொடங்கி 128 கிலோபைற்று. மிச்சம் 64 கிலோபைற்று தனியாக 10000000 என்ற முகவரியில் இருக்கிறது. இதற்கு 'சிசிஎம்' என்று பெயர். இது மையச் செயலிக்கு மட்டும் நேரடியாக இணைக்கப்பட்ட ரேம்.

மையச் செயலிக்கு மட்டும் என்ற இந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மின்னளவை எண்ணாக மாற்றும் பாகத்திலிருந்து அளவுகளைச் செயலியின் தலையீடு இல்லாமல் ரேமுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிஎம்ஏ என்ற தனிப் பாகம். அதற்குச் சிசிஎம் நினைவகத்துக்கு வழியே கிடையாது. பிரதான ரேமில் இடம் போதவில்லை என்று டிஎம்ஏ நிரப்ப வேண்டிய அணியைச் சிசிஎம்மில் வைத்தால், தொகுப்பி ஏற்றுக்கொள்ளும், லிங்கர் ஏற்றுக்கொள்ளும், நிரல் சிப்பில் ஏறும். அணியில் மட்டும் ஓர் அளவும் வந்து சேராது. டிஎம்ஏயின் நிலைப் பதிவகத்தில் பரிமாற்றப் பிழைக்கான ஒரு பிற்று உயர்ந்து நிற்கும். அதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் உணரியைக் கழற்றி மாட்டிக்கொண்டே நாளைக் கழிப்பார்.

எனவே ஆளுக்கு ஏற்ற இடம் கொடுக்க வேண்டும். டிஎம்ஏ தொடும் அணி பிரதான ரேமில் இருக்கட்டும். செயலி மட்டும் தொடும் கணக்கீட்டு அணிகளைச் சிசிஎம்முக்கு அனுப்பலாம். 4096 மிதவைப் புள்ளி எண்கள் கொண்ட ஒரு வேலை அணி 16 கிலோபைற்று. அப்படி மூன்று வைத்தாலும் இடம் மிஞ்சும். அடுக்கையும் அங்கே வைக்கலாம். ஆனால் அடுக்கை அங்கே வைத்த பிறகு, ஒரு சார்புக்குள் அறிவித்த சிறு இடைத்தாங்கியை டிஎம்ஏக்குக் கொடுத்தால் மறுபடியும் அதே சிக்கல் வரும். இந்தச் சிப்பில் சிசிஎம்மிலிருந்து கட்டளைகளை ஓட்டவும் முடியாது. இதே குடும்பத்தின் எஃப்303இல் முடியும். ஒரு சிப்பில் படித்ததை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

லிங்கர் கோப்பைத் திறந்தால்

ஏவிஆரில் நோஇனிட் தயாராக இருந்தது. சிசிஎம்முக்கு லிங்கர் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். அதற்குப் பயப்பட வேண்டாம், அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு பகுதிகள்தான். 'மெமரி' என்ற பகுதி சிப்பில் என்னென்ன நினைவகங்கள், எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் என்று சொல்கிறது. ஃபிளாஷ் 08000000, ரேம் 20000000, சிசிஎம் 10000000 என்று மூன்று வரிகள். 'செக்‌ஷன்ஸ்' என்ற பகுதி எந்தப் பிரிவு எந்த நினைவகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது. 'சிசிஎம்ரேம்' என்ற பெயரில் வரும் பிரிவுகளையெல்லாம் சிசிஎம் நினைவகத்தில் போடு என்று அங்கே ஒரு தொகுதி எழுதினால், நிரலில் அந்தப் பெயரைச் சூட்டிய மாறிகள் எல்லாம் அங்கே சேரும்.

தொடக்க நிரலை இங்கே மறக்கக் கூடாது. அதற்குத் தெரிந்தவை டேட்டாவும் பி.எஸ்.எஸ்.ஸும் மட்டுமே. நாம் புதிதாக உருவாக்கிய பிரிவை அது நிரப்பவும் மாட்டாது, பூச்சியமாக்கவும் மாட்டாது. சிசிஎம்மில் வைத்த மாறிக்குத் தொடக்க மதிப்பு வேண்டும் என்றால், ஃபிளாஷில் நகலுக்கு இடம் ஒதுக்கும்படி லிங்கர் கோப்பில் எழுதி, தொடக்க நிரலில் நகலெடுக்கும் சுழலையும் சேர்க்க வேண்டும். தொடக்கநிலையாளருக்கு நான் சொல்வது: முதலில் தொடக்க மதிப்புத் தேவைப்படாத வேலை அணிகளை மட்டும் அங்கே வையுங்கள். மதிப்பு வேண்டியதை மெயினுக்குள் நீங்களே இடுங்கள்.

அப்படி மதிப்பில்லாத பிரிவை 'நோலோட்' என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் லிங்கர் அதைச் சிப்பில் ஏற்ற வேண்டிய உள்ளடக்கமாக எண்ணக்கூடும். அப்போது ஒரு வியப்பான விளைவு வரும்: சில பத்துக் கிலோபைற்று இருக்க வேண்டிய, சிப்பில் ஏற்றும் இருமக் கோப்பு 128 மெகாபைற்றாக வீங்கி நிற்கும். இருமக் கோப்பில் முகவரிகள் எழுதப்படுவதில்லை, பைற்றுகள் வரிசையாக மட்டும் இருக்கும். 08000000இல் தொடங்கும் நிரலும் 10000000இல் தொடங்கும் சிசிஎம்மும் ஒரே கோப்பில் வர வேண்டுமானால் நடுவே உள்ள இடைவெளி முழுவதையும் நிரப்பித்தான் ஆக வேண்டும். அந்த இடைவெளியின் அளவு 128 மெகாபைற்று.

லிங்கர் கோப்பைத் தொடாமல், முகவரியை ஓர் எண்ணாக எழுதி, முகவரியைத் தாங்கும் மாறியான சுட்டியாக மாற்றிப் பயன்படுத்தும் குறுக்குவழியும் உண்டு. சிப்பின் பாகங்களைக் கட்டுப்படுத்தும் பதிவகங்களுக்கு அது சரியான வழி. அவற்றின் முகவரி சிப்பிலேயே நிலையானது, அங்கே வேறு எதையும் லிங்கர் வைக்காது. சொந்த மாறிகளுக்கு அப்படிச் செய்வதை நான் வன்மையாகத் தடுப்பேன். அந்த இடம் எடுக்கப்பட்டுவிட்டது என்று லிங்கருக்குத் தெரியாது. இன்று அங்கே எதுவும் இல்லாமல் இருக்கலாம். நாளை ஒரு நூலகத்தைச் சேர்த்தால் லிங்கர் வேறொரு மாறியை அதே இடத்தில் குடியமர்த்திவிடும். முதலில் ஓடி நிரலைத் தொடக்கிவைக்கும் பூட்லோடருக்கும் பிரதான நிரலுக்கும் இடையே ஒரு கொடியை (அடையாள மதிப்பை) பகிர வேண்டும் போன்ற தேவைகளில் நிலையான முகவரி அவசியம்தான். அப்போதும் மெமரி பகுதியில் அதற்கென ஒரு சிறு துண்டைப் பிரித்துப் பெயர் கொடுத்து, பிரிவின் வழியாகவே வைக்க வேண்டும்.

இன்னும் பெரிய சிப்புகளில், எஸ்டிஎம்32எச்7 போன்றவற்றில், ரேம் ஐந்தாறு துண்டுகளாக இருக்கும், நடுவே, ரேமில் உள்ளதன் பிரதியை வேகத்துக்காக வைத்திருக்கும் தற்காலிக நினைவகமும் (கேஷ்) வரும். டிஎம்ஏ ரேமில் புதிதாக எழுதியிருக்க, செயலி தற்காலிக நினைவகத்தில் உள்ள பழைய பிரதியைப் படித்துக்கொண்டிருக்கும். 32 பைற்று எல்லைக்கு ஒழுங்குபடுத்திய அணிகளும் தனிப் பிரிவும் அங்கே தேவைப்படும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வைத்த இடத்தில்தான் இருக்கிறதா?

ஆர்டுயினோ மென்பொருள் நிரலைத் தொகுத்து முடித்ததும் பொதுமாறிகள் எத்தனை பைற்று எடுத்தன, எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று கீழே காட்டும். அந்த வரியைப் படிக்கும் பழக்கம் பலரிடம் இல்லை. செய்திகளுக்கு 'எஃப்' மேக்ரோ போடுவதற்கு முன்னும் பின்னும் அதைப் பார்த்தாலே வேறுபாடு கண்முன் நிற்கும். ஆர்ம் கருவித்தொகுதியில் 'சைஸ்' என்ற கருவி டெக்ஸ்ட், டேட்டா, பி.எஸ்.எஸ். என்று மூன்று எண்கள் தரும். முதல் இரண்டின் கூட்டல் ஃபிளாஷில் பிடித்த இடம், கடைசி இரண்டின் கூட்டல் ரேமில் பிடித்த இடம். ஓடும்போது அடுக்கு எவ்வளவு இறங்கும் என்பது இந்த எண்களில் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு குறிப்பிட்ட மாறியைப் பற்றித் தெரிய வேண்டுமானால் லிங்கரிடம் வரைபடக் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண உரைக் கோப்புதான். அதில் மாறியின் பெயரைத் தேடினால் பிரிவும் முகவரியும் அளவும் ஒரே இடத்தில் கிடைக்கும். முகவரி 1000 என்று தொடங்கினால் சிசிஎம்மில் இருக்கிறது. 2000 என்று தொடங்கினால், நாம் கேட்டதை லிங்கர் செய்யவில்லை. பெரும்பாலும் காரணம் எழுத்துப்பிழையாக இருக்கும். நிரலில் ஒரு பெயர், லிங்கர் கோப்பில் இன்னொரு பெயர். தனக்கு எந்தக் கட்டளையும் இல்லாத பிரிவைக் கண்டால் லிங்கர் பிழை சொல்லாது, தனக்குப் பொருத்தமாகத் தோன்றும் ஓரிடத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடும். இப்படி ஆதரவற்று நிற்கும் பிரிவுகளைப் பற்றி எச்சரிக்கும்படி குனூ லிங்கரில் ஒரு தெரிவு இருக்கிறது. லிங்கர் கோப்பில் கைவைக்கும் முதல் நாளே அதை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள்.